தென்னை ஏறாத மலை

நானுஓயாவில் ரயிலேறிக் கொழும்புக்குப் போகும்போது ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தால், மரங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் வரைக்கும் தேயிலைதான். இடையிடையே சவுக்கும் யூகலிப்டஸும் நிற்கும். வட்டவளை தாண்டிப் பாதை இறங்க இறங்க, பள்ளத்தில் ஒரு கித்துள், வீட்டோரம் இரண்டு கமுகு என்று தென்படத் தொடங்கும். நாவலப்பிட்டியை நெருங்கும்போது முற்றத்துக்கு முற்றம் தென்னை.

மேலே ஏன் இல்லை? மலையகத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. நுவரெலியாவோ பூமத்தியரேகையிலிருந்து ஏழே பாகை வடக்கே இருக்கிறது. தேங்காய் இல்லாமல் சமையலே இல்லாத தீவு இது. லயத்து வீடுகளில் காலையில் ரொட்டிக்கு அரைக்கும் சம்பலுக்கும், கோயில் திருவிழாவில் உடைக்கும் தேங்காய்க்கும், தோரணத்துக்கு வேண்டிய குருத்தோலைக்கும் கீழ்நாட்டு லொறியைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. முளைத்த தேங்காயை லயத்துக் கோடியில் நட்டுப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். கன்று உடனே சாவதில்லை. வருடக்கணக்கில் முழங்கால் உயரத்திலேயே நின்று, ஒருநாள் குருத்து பழுத்துவிடும்.

"குளிர்தான் காரணம்" என்று எல்லோருமே சொல்வார்கள். அது சரிதான், ஆனால் முழு விடை ஆகாது. நுவரெலியாவைவிடப் பலமடங்கு கடுமையான குளிரில், பனி கொட்டும் ஐரோப்பிய ஊர்களின் தோட்டங்களில், ஒரு விசிறி இலைப் பனை பச்சை மாறாமல் நிற்கிறது. அதுவும் தென்னையின் குடும்பம்தான். தென்னையால் முடியாதது அதற்கு எப்படி முடிகிறது?

மேலே போகப் போக

கடல்மட்டத்துக் காற்று மலைச்சரிவில் மேலேறும்போது, அதை அழுத்திப் பிடிக்கும் பாரம் குறைகிறது. காற்று விரிகிறது. விரிவதற்குத் தன்னிடம் உள்ள வெப்பத்தையே செலவழிப்பதால் குளிர்ந்து போகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள்.

கொழும்பின் வருடாந்தச் சராசரி வெப்பநிலை 27.5 பாகை அளவில் இருக்கிறது. சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள கண்டிக்கு 24 பாகை சொச்சம் வர வேண்டும். 1,271 மீட்டரில் இருக்கும் ஹட்டனுக்கு 19 சொச்சம். 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவுக்குப் பதினைந்தரை. நுவரெலியாவில் உண்மையில் அளந்து கண்ட சராசரி ஏறத்தாழ 16. கணக்கு அநேகமாகச் சரியாகவே வருகிறது.

ஒரு தேங்காய்க்கு எத்தனை வருடம்?

இந்த எண்களை ஒரு தென்னையின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம்.

ஒவ்வொரு தாவரத்துக்கும் ஒரு பூச்சியக் கோடு உண்டு. அதற்குக் கீழே வெப்பநிலை போனால் வளர்ச்சி நின்றுவிடும். அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் ஒவ்வொரு பாகையும் அன்றைய வரவு. இப்படி நாள்தோறும் சேர்வதை வெப்ப வரவு என்று சொல்வோம். ஓர் இலை விரிய இவ்வளவு வரவு, ஒரு காய் முற்ற இவ்வளவு வரவு என்று மரம் காத்திருக்கிறது.

20 பாகைக்குக் கீழே வந்தாலே தென்னையின் வளர்ச்சி தளர்ந்துவிடும். கணக்கு எளிதாக இருக்க, அதன் பூச்சியக் கோட்டை 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். கீழ்நாட்டில் நன்றாகப் பராமரித்த தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு ஓலை விடும். பாளை வெடித்துக் காய் முற்றப் பதினொரு, பன்னிரண்டு மாதம் ஆகும்.

கொழும்பில் ஒரு நாள் வரவு பன்னிரண்டரை. முப்பது நாளில் 375 சேர்கிறது. ஓர் ஓலை விரிகிறது. கண்டியில் ஒரு நாள் வரவு ஒன்பதேகால். அதே 375 சேர நாற்பது நாள் ஆகும். பரவாயில்லை, மரம் சமாளித்துக்கொள்ளும். ஹட்டனில் வரவு நாலேகால்தான். ஓர் ஓலைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் போய்விடும். நுவரெலியாவில் ஒரு நாள் வரவு ஒரே ஒரு பாகை. 375 சேர 375 நாள் வேண்டும்; அதாவது வருடத்துக்கு ஓர் ஓலைகூட முழுதாக வராது.

அந்த ஓலைகள் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் ஓலையின் ஆயுள் மூன்று வருடம் என்று வைத்தால், கொழும்புத் தென்னையின் தலையில் எப்போதும் முப்பதுக்கு மேல் ஓலை இருக்கும். நம் கண்ணுக்குப் பழகிய தென்னந்தலை அதுதான். ஹட்டனில் பன்னிரண்டு ஓலை. நுவரெலியாவில் புதியது ஒன்று வரும்போது பழையது ஒன்று விழும். எந்தக் காலத்திலும் மூன்று ஓலைக்கு மேல் நிற்காது. மூன்று ஓலையின் உணவை வைத்துக்கொண்டு ஒரு மரம் தண்டும் கட்டி, வேரும் விட்டு, பாளையும் தள்ள முடியாது. முழங்கால் உயரத்தில் நின்றுபோன அந்தக் கன்றின் கதை இதுதான்.

அப்படியே ஏதோ ஒரு வழியில் பாளை வந்தாலும், கொழும்பில் பன்னிரண்டு மாதத்தில் முற்றும் காய் ஹட்டனில் முற்ற ஏறக்குறைய மூன்று வருடமும், நுவரெலியாவில் பன்னிரண்டு வருடத்துக்கு மேலும் பிடிக்கும்.

இது எளிமையாக்கிய கணக்கு. நுவரெலியாவில் பகலில் வெப்பநிலை 20 பாகையைத் தொடும் சில மணி நேரம் கொஞ்சம் கூடுதல் வரவைத் தரும். ஆனால் இரவின் 11 பாகைக் குளிர் மரத்தைத் தளர்த்திவிடும். எண்கள் முன்பின் ஆகலாம், வரிசை மாறாது. பூமத்தியரேகைக்கு அண்மையில் தென்னை நன்றாகக் காய்ப்பது சுமார் 600 மீட்டர் வரைதான் என்று தென்னைச் செய்கைக்காரர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் எல்லையும், ஆயிரம் மீட்டருக்கு மேல் நம்பி நடக்கூடாது என்ற அவர்களது எச்சரிக்கையும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

கித்துளின் நிலை வேறு. அதன் பூச்சியக் கோடு தென்னையினுடையதைவிடக் கீழே இருப்பதால், அது 1,500 மீட்டர் அளவுக்கு ஏறி வருகிறது. வட்டவளைப் பள்ளங்களில் அதன் மீன்வால் இலைகளைப் பார்க்க முடிவதும், கித்துள் பாணி மலைநாட்டுப் பண்டமாக இருப்பதும் அதனால்தான்.

போத்தலில் உறையும் எண்ணெய்

பட்டினி மட்டும்தான் பிரச்சினை என்றால் கன்று சாகாது, வளராமல் நிற்கும், அவ்வளவுதான். அது ஏன் செத்துப் போகிறது?

நுவரெலியா வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவனித்திருப்பீர்கள். 24, 25 பாகைக்குக் கீழே அது வெள்ளையாகக் கட்டிபட்டுவிடும். அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் ஊற்ற முடியும். தாவரத்தின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மென்சவ்வு இருக்கிறது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அதுதான் கட்டுப்படுத்துகிறது. அதற்கு அந்தக் கொழுப்பு இளகி, நெகிழ்ந்து இருக்க வேண்டும். மென்சவ்வின் கொழுப்பும் போத்தல் எண்ணெயும் ஒன்றல்ல. உறையும் வெப்பநிலையும் வேறு. ஆனால் நடப்பது அதே மாதிரியான மாற்றம். வெப்பமண்டலத் தாவரங்களின் மென்சவ்வு, தண்ணீர் உறையும் பூச்சியப் பாகைக்கு வெகு மேலேயே, பத்துப் பன்னிரண்டு பாகையிலேயே விறைக்கத் தொடங்கிவிடும். கலத்துக்குள் இருக்க வேண்டிய உப்புகள் கசியும். வேர் தண்ணீர் இழுப்பது மந்தமாகும். காலை வெயிலில் இலை தண்ணீர் கேட்கும். குளிர்ந்த வேரால் கொடுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே கன்று வாடும்.

குளிர்தாங்கும் தாவரங்கள் தங்கள் மென்சவ்வில் வேறு வகைக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நல்லெண்ணெய் மலைக்குளிரில் உறையாமல் இருப்பதற்கும் அந்த வகைக் கொழுப்பே காரணம்.

ஒற்றைக் குருத்து

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஒரு இலைகூட இல்லாமல் குச்சியாக விடுவார்கள். சில வாரங்களில் தண்டெங்கும் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துத் துளிர்த்துவிடும். உறைபனியில் கருகிய தேயிலையும் அப்படித்தான் பிழைத்துக்கொள்கிறது.

பனைக் குடும்பத்து மரம் ஒன்றுக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலான பனைகளுக்குத் தண்டின் உச்சியில் ஒரே ஒரு வளரும் முனைதான். எல்லா ஓலையும் எல்லாப் பாளையும் அங்கிருந்து உருவாகி வர வேண்டியவையே. பக்கக் கிளைக்கு மொட்டு இல்லை. தண்டு காயப்பட்டால் ஆற்றிக்கொள்ளும் வளர்படையும் இல்லை.

குளிரில் நொந்த தென்னங்கன்றின் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும். அடி பழுப்பு நிறத்தில் கூழாகி, புளித்த நாற்றம் அடிக்கும். குளிர் நேரடியாகக் கொல்வது அபூர்வம். விறைத்துக் கசியும் குருத்துக்குள் மழைத்தண்ணீர் தேங்க, பூஞ்சணம் புகுந்து அந்த ஒற்றை முனையைத் தின்றுவிடுகிறது. மலையகத்தின் குளிரும் ஓயாத சாரலும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. குளிர் நாட்டில் பனை வளர்ப்பவர்கள் எல்லோரும் காக்கப் பார்ப்பது இந்தக் கைப்பிடி அளவு இடத்தைத்தான்.

குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை

நுவரெலியாவைச் சின்ன இங்கிலாந்து என்று அழைத்து அழைத்து, அங்கே வளர்வதெல்லாம் இங்கே வளரும் என்ற எண்ணம் பலருக்கு வேரூன்றிவிட்டது. ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் 1848 இல் அந்த நம்பிக்கையோடுதான் மாடும் ஆடும் விதையும் கொண்டுவந்து இங்கே குடியேறினார். இந்தப் பெயர் தோட்டம் போடுகிறவர்களைத் தவறான வழியில் இழுக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

லண்டனில் ஜனவரிச் சராசரி 5 பாகை அளவு. ஜூலையில் 18ஐத் தாண்டும். நுவரெலியாவில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே மூன்று பாகை அளவே வித்தியாசம். ஆனால் ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்கும் இடையே எட்டு, ஒன்பது பாகை ஏறி இறங்குகிறது. லண்டனின் கோடையும் இங்கே இல்லை, அதன் குளிர்காலமும் இல்லை. வருடம் முழுவதும் ஒரே மாதிரி மிதமான குளிர். ஆகவே ஒரு செடி இங்கே பிடிக்குமா என்று அறிய, எத்தனை பாகை என்று கேட்பதோடு நிற்காமல், அதன் சொந்த ஊரில் வருடம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அப்பிள் இனங்கள் பூக்க வேண்டுமானால் 7 பாகைக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் உறங்க வேண்டும். இதைக் குளிர்த்தேவை என்போம். நுவரெலியா இரவுகள் சராசரியாக 11 பாகையில் நிற்பதால் அந்த உறக்கம் வாய்ப்பதில்லை. தென்னைக்கு இங்கே வெப்பம் போதாது. அப்பிளுக்குக் குளிர் போதாது. குளிர்த்தேவை குறைந்த சில பேரி, பிளம்ஸ் வகைகள் காய்க்கின்றன. இந்தோனேசியாவில் பத்து என்ற ஊரின் மலைப்பகுதியில் அப்பிள் மரங்களின் இலைகளைக் கையால் உருவிவிட்டு, குளிர்காலம் வந்து போனதாக மரத்தை நம்பவைத்து வருடத்துக்கு இரண்டு முறை காய்க்க வைக்கிறார்கள். அருமையான உத்தி, ஆனால் பெரும் உழைப்பு.

இங்கே உழைப்பே இல்லாமல் பிடித்தவை வேறு ஊரிலிருந்து வந்தன. சீதா எலிய சீதையம்மன் கோயிலைத் தாண்டி வெலிமடை வீதியில் போனால் ஹக்கல தாவரவியல் தோட்டம் வரும். 1861 இல் அது தொடங்கப்பட்டது ரோஜாவுக்காக அல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைன் தரும் சிங்கோனா மரத்துக்காக. அப்போது பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த துவெய்ட்ஸ் தேர்ந்தெடுத்த இடம் அது. சிங்கோனாவின் தாய்நிலம் பூமத்தியரேகையை ஒட்டிய அண்டீஸ் மலைச்சரிவு. அங்கேயும் பருவமாற்றம் இல்லாத மிதக்குளிர், மூடுபனி, மழை. ஹக்கலவில் அது தன் வீட்டுக்கு வந்ததுபோல் வளர்ந்தது. 1869 இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு தோட்டங்கள் அழிந்தபோது, துரைமார் முதலில் ஓடியது சிங்கோனாவிடம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் விலை விழுந்தது. அதன் பிறகே தேயிலை மலைகளை முழுதாக மூடியது.

உருளைக்கிழங்கும் அண்டீஸ் மலையிலிருந்து வந்தது. வேலியோரம் சிவப்பாகத் தொங்கும் மரத்தக்காளியும் அங்கிருந்துதான். வெப்பமண்டல மலையிலிருந்து வெப்பமண்டல மலைக்கு வரும் செடி, கடலைக் கடந்தாலும் தன் வருடத்தை விட்டு வருவதில்லை.

இரண்டு பனைகள்

இப்போது பனைக்குத் திரும்பலாம். ஹக்கலவில் ஓடையோரம் குடை விரித்து நிற்பவற்றைப் பனை என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. அவை மரப்பன்னங்கள், பூவே பூக்காத வேறொரு பழங்குலம். மலையகக் குளிர்த் தோட்டத்துக்கு நான் முதலில் சொல்வது அவற்றைத்தான், ஏனென்றால் அவை இந்த மலைக்கே உரியவை. ஆனாலும் உண்மையான பனை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டைச் சொல்லலாம்.

முதலாவது சூசான் பனை. ஐரோப்பாவின் பனியில் நிற்கும் விசிறி இலைப் பனை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். சீனாவின் குளிர்ந்த மலைப்பகுதிகளைச் சேர்ந்தது. பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரையும் கொஞ்ச நேரம் தாங்கும். ரொபர்ட் பார்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1849 இல் இதை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். அதன் அறிவியல் பெயரிலும் அவர் பெயர் இருக்கிறது. சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளையும் தொழில்நுட்பத்தையும் கிழக்கிந்தியக் கம்பனிக்காக இமயமலைச் சரிவுக்குக் கடத்தி வந்தவரும் அவரே. இந்தப் பனையின் தண்டை அடிமுதல் முடிவரை பழுப்பு நார் போர்த்தியிருக்கும். சீன விவசாயிகள் அந்த நாரை உரித்து மழையங்கி பின்னுவார்கள். நம் ஊரில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு சாரலில் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாரின் அருமை புரியும்.

இரண்டாவது, கொலம்பியாவின் மெழுகுப் பனை. அண்டீஸ் மலையில் 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்குள் வளர்கிறது. 60 மீட்டர் வரை உயரும். உலகிலேயே உயரமான பனை இதுதான். வெப்பக் கடற்கரைகளின் மரம் என்று நாம் எண்ணும் குடும்பத்தில், எல்லாரையும்விட உயர்ந்தது குளிர்மலையில் நிற்கிறது! 1801 இல் இயற்கை ஆய்வாளர்களான ஹம்போல்ட்டும் பொன்பிளானும் குயிந்தியோ மலைப்பாதையில் இதைக் கண்டு வியந்தார்கள். 1985 இல் கொலம்பியா இதைத் தேசிய மரமாக்கியது. நுவரெலியாவின் வருடமும் குயிந்தியோவின் வருடமும் ஒரே வடிவம். கொழும்பின் வெக்கையில் இது தாக்குப்பிடிக்காது. தென்னைக்கு நுவரெலியா எப்படியோ, இதற்குக் கொழும்பு அப்படி. விதை முளைக்கவும் கன்று தண்டு கட்டவும் மிகுந்த பொறுமை வேண்டும். பேரப்பிள்ளைகளுக்காக நடும் மரம்.

நிழலான மூலைக்கு, மெக்சிகோ, குவாத்தமாலாக் காடுகளைச் சேர்ந்த சிறு பனைகள் பொருந்தும். வீட்டுக்குள் சாடியில் வைப்பார்களே, அந்த வகை.

ஜனவரி இரவு

ஜனவரி, பெப்ரவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நுவரெலியாப் புல்வெளிகள் விடியலில் வெள்ளையாகக் கிடக்கும். அன்று வானிலை நிலையத்தின் வெப்பமானி இரண்டு மூன்று பாகை காட்டியிருக்கலாம். அப்படியென்றால் பனி எப்படி உறைந்தது? இலைகளும் புல்லும் தங்கள் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. ஆளுயரத்தில் இருக்கும் வெப்பமானிக்கு அது தெரியாது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பிதுருதலாகலை அடிவாரத்துக் கிண்ணத்தில் தேயிலையும் உருளைக்கிழங்கும் கருக, அதே மலையின் நடுச்சரிவுத் தேயிலை தப்பிவிடுகிறது.

எனவே பனையைப் பள்ளத்தில் நடாதீர்கள். ஓடைக்கரை அழகாக இருந்தாலும் வேண்டாம். சரிவின் நடுவே, கிழக்குத் தவிர்ந்த பக்கத்தில் இடம் பாருங்கள். உறைந்த குருத்தில் காலை வெயில் சட்டென்று அடிப்பது கெடுதல். சவுக்கு மரத்தின் கிளை மேலே இருந்தால் அது இலையின் வெப்பத்தை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கும். கல்லுச்சுவரின் ஓரமும் நல்லது, பகலில் சேர்த்த சூட்டை இரவில் அது திருப்பிக் கொடுக்கும். மண்ணில் தண்ணீர் தேங்கவே கூடாது. முதல் சில வருடங்கள், வானம் தெளிந்த ஜனவரி மாலைகளில் ஓலைகளைச் சேர்த்துக் கட்டிக் குருத்துக்கு மேலே ஒரு சாக்கைப் போர்த்துங்கள். காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். ஈரச்சாக்குக்குள் புழுங்கும் குருத்து அழுகும்.

நன்றாகப் பிடித்துவிட்டால்

ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு முட்புதர் இருக்கிறது. கோர்ஸ் என்று பெயர். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் நினைவாகக் கொண்டுவந்தது. 1988 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் அந்தப் புல்வெளியில் இன்று அதை வேரோடு பிடுங்கப் படாதபாடு படுகிறார்கள். விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டு காத்திருந்து மறுபடி முளைக்கின்றன. மலையகக் காட்டுக்கு மட்டுமே உரிய சின்னச் செடிகள் அதன் நிழலில் நசுங்குகின்றன. இதைப் பார்த்த பிறகு, வளருமா என்ற கேள்வியோடு மட்டும் வெளிநாட்டுச் செடியை வாங்க எனக்கு மனம் வராது.

சூசான் பனையும் சுவிட்சர்லாந்தின் தெற்கே திச்சீனோ மாநிலக் காடுகளுக்குள் இப்படிப் புகுந்துவிட்டது. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டில் போடுகின்றன. நல்ல வேளையாக இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தனியாக ஒன்றை மட்டும் வைத்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது. இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள், மஞ்சள் பூங்குலை கருநீலக் காயாவதற்கு முன்பே கத்தியால் அறுத்துவிட வேண்டும். தண்டுக்கும் குருத்துக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.